8 டிபி ஹார்ட் டிஸ்க்: ஆன்லைனா, ரிச்சி தெருவா, ஊர்க் கடையா?

கல்யாண வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஆடி மாதம்தான் மூச்சுவிட நேரம். முகூர்த்தம் இருக்காது. கேமராவைத் துடைத்து, பேட்டரிகளைச் சோதித்து, பழைய வேலைகளை ஒழுங்காக அடுக்கிவைக்க அந்த ஒரு மாதம்தான் கிடைக்கும். இந்த ஆடியில் என் பட்டியலில் முதலில் இருந்தது, ஸ்டுடியோவுக்கு இரண்டு 8 டிபி ஹார்ட் டிஸ்க். எந்த மாடல் என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டேன். எங்கே வாங்குவது என்பதற்கு இரண்டு வாரம் ஆனது.

அவ்வளவு யோசிக்கக் காரணம் இருக்கிறது. 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். மூன்று கேமரா, ஒவ்வொன்றிலும் நாலு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 540 ஜிபி. 8 டிபி டிஸ்க் ஒன்றில் பதினாலு கல்யாணம் அடங்கும். பதினாலு குடும்பங்கள் நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தை மாத முகூர்த்த நெருக்கடியில், ஒரு பெரிய ஆன்லைன் கடையில் டிஸ்க் வாங்கினேன். விலை குறைவு, மறுநாளே வந்துவிட்டது. வந்த பெட்டியில் மிக்ஸியே வைக்கலாம். உள்ளே, சாம்பல் நிற ஆன்டிஸ்டாட்டிக் உறையில் டிஸ்க் மட்டும் தனியாகக் கிடந்தது. கூடவே காற்று அடைத்த பிளாஸ்டிக் தலையணைகள் ஒரு சரம். அதில் இரண்டு உடைந்து சப்பையாகிவிட்டன. பெட்டியைக் கையில் வாங்கியபோதே உள்ளே ‘லொடக்’ என்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போனது. அப்போதே திருப்பியிருக்க வேண்டும். மாட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. வேலை அவசரம், விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. மறுநாள் கம்ப்யூட்டரில் அது தெரியவே இல்லை. அதிலிருந்த கல்யாணங்களில் ஒன்றுக்கு மட்டும் மாப்பிள்ளை அழைப்புக் காட்சிகள் இரண்டாவது நகலுக்குப் போகவில்லை. கார்டையும் அழித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோய்விட்டேன். அது பெண்ணின் தாய்மாமனே நாதஸ்வரம் வாசித்த கல்யாணம். ஊர்வலம் முழுக்க அவர் வாசித்தார். அந்த ஒரு மணி நேரம்தான் போனது. பெண்ணின் அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. “போட்டோவாவது இருக்கா தம்பி, அண்ணன் வாசிக்கிற மாதிரி?” என்று கேட்டார். இருந்தது, கொடுத்தேன். சத்தத்தை எங்கிருந்து கொடுப்பது?

இரண்டாவது நகல் எடுக்காதது என் தவறு, அதை யார் தலையிலும் போடமாட்டேன். ஆனால் புத்தம் புதிய டிஸ்க் நான்கு வாரத்தில் செத்ததற்கு அந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். மாற்றித் தரும் கெடு பத்து நாள், அது முடிந்துபோயிருந்தது. கம்பெனி வாரண்டியில் மூன்று வாரம் கழித்து வேறு டிஸ்க் வந்தது. அதன் லேபிளில் ‘ரீசர்ட்டிஃபைடு’ என்று இருந்தது, அதாவது பழுது பார்த்தது. புதிதுக்குப் பணம் கொடுத்தவனுக்குப் பழுது பார்த்தது கிடைத்தது. வாரண்டி விதி அப்படித்தான், அவர்கள் ஏமாற்றவில்லை.

விழுந்தால் என்ன ஆகிறது

ஒப்பிடுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஐந்நூறு ரூபாய் வித்தியாசம்தான் பெரிதாகத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. படிக்கிற தலை அந்தத் தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். மின்சாரம் இல்லாதபோது தலை தட்டுக்கு வெளியே ஒரு சரிவில் ஏறி ஒதுங்கிக்கொள்ளும். அதனால்தான் ஓடாத டிஸ்க், ஓடுகிற டிஸ்க்கைவிடப் பல மடங்கு அடி தாங்கும். தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில் 3.5 அங்குல டிஸ்க்குகளுக்கு, ஓடாத நிலையில் 250 முதல் 300 ஜி வரை, 2 மில்லிநொடி என்று போட்டிருக்கும். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு. 300 ஜி என்றால் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு சின்ன விழுதலுக்கே அதைத் தாண்டிவிடலாம்.

கணக்கு எளிது. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி கிடைக்கும். பார்சல்களைச் சோதிக்கும் இஸ்டா 1ஏ விதிமுறையில், ஒன்பதரை கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து தடவை போடுவார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். அதே 76 செ.மீ. உயரத்திலிருந்து, அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தை ஒட்டிக் கிடக்கும் டிஸ்க் விழுகிறது என்று வையுங்கள். அட்டை ஒரு மில்லிமீட்டர் நசுங்கி நிற்கிறது. 760 மில்லிமீட்டரை 1-ஆல் வகுத்தால் 760 ஜி. அதே டிஸ்க்கைச் சுற்றி ஐந்து செ.மீ. நுரை இருந்து, அது பாதியளவு அமுங்கி நிறுத்தினால் 760-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும்: 30 ஜி. உச்சத்தில் இது இரட்டிப்பானாலும் 60. தோராயக் கணக்குதான், ஆனாலும் விஷயம் இதில் முழுதாக இருக்கிறது. டிஸ்க்கைக் காப்பாற்றுவது நிற்பதற்குக் கிடைக்கும் அந்த இரண்டரை செ.மீ. தூரம்.

காற்றுத் தலையணை அந்தத் தூரத்தைத் தராது. அது காலி இடத்தை அடைக்க வந்தது. 700 கிராம் எடையும் கூர்மையான விளிம்பும் உள்ள இரும்புக்கட்டி போன்ற பொருள் முதல் குலுக்கலிலேயே தலையணைகளை ஒதுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். நாமக்கல் முட்டை எப்படிப் போகிறது என்று பாருங்கள். முப்பது முட்டைக்கு ஒரு காகிதக்கூழ் தட்டு, ஒவ்வொரு முட்டைக்கும் தனிக் குழி. எதுவும் எதோடும் இடிக்காது, எதுவும் இடம் மாறாது. லாரியில் நாள்கணக்கில் போய்ச் சேருகிறது. டிஸ்க் தயாரிப்பாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து இருபது டிஸ்க் கொண்ட பெட்டியாகத்தான் வரும். நடுவே நுரை அச்சு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளம். வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும்போது நம்மிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள்: எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. நுரை வைத்துக் கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்டாமல் அனுப்பினால் வாரண்டியே போய்விடலாம்.

அப்படியானால் கெடுவது எங்கே? இருபதில் ஒன்றை உருவி எடுக்கும் கையில். அந்தக் கடைசிக் கை யாருடையது, அதற்கு என்ன அக்கறை, என்ன நேரம், என்ன பெட்டி கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எல்லா வழிகளையும் ஒப்பிட்டேன்.

பெரிய ஆன்லைன் கடையில் தனி டிஸ்க்

விலை பெரும்பாலும் இங்கேதான் குறைவு. வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பணம் திரும்ப வருவதும் சுலபம். ஆனால் கிடங்கில் கட்டுகிறவர் ஒரு நிமிடத்துக்கு முன்பு புத்தகம் கட்டினார், அடுத்த நிமிடம் ஷாம்பு கட்டுவார். எந்த அளவுப் பெட்டி என்று திரை சொல்கிறதோ அதைத்தான் எடுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி முறை வேண்டும் என்று மேலே இருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவர்கள் ஏன் செய்வதில்லை என்பதற்குக் கூரியர் கட்டணத்தைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். கூரியரில் நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. டிஸ்க்கின் அளவு 14.7 × 10.2 × 2.6 செ.மீ. எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நுரை சேர்த்தால் 24.7 × 20.2 × 12.6, அதாவது சுமார் 1.26 கிலோ கன எடை. அரை கிலோ படிகளில் கட்டணம் என்றால் ஒன்றரை கிலோவுக்குக் கட்ட வேண்டும். குமிழ் உறை போட்ட கவரில் திணித்தால் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரு பார்சலில் இது சில்லறை. லட்சம் பார்சலில் பெரிய தொகை. உடைந்து திரும்புவதன் செலவு அதைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டுவிட்டால் கவரில்தான் வரும். அந்தக் கணக்கில் என் மாப்பிள்ளை அழைப்பு சேராது.

ஆனால் எனக்கு வந்தது பெரிய பெட்டி. அங்கே இடம் இருந்தது, நுரை இல்லை. எனவே காசு மட்டும் காரணம் என்று சொல்ல முடியவில்லை, கவனமின்மையும் உண்டு.

இன்னொரு சங்கடம் கெடு. டிவி உடைந்து வந்தால் வாசலிலேயே தெரியும். சில கடைகள் வாசலில் பெட்டியைத் திறந்து காட்டுகின்றன, விரிசல் இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பலாம். அடிபட்ட டிஸ்க் வெளியே பளபளப்பாக இருக்கும். தட்டு சுழலும் பேரிங்கில் சின்ன நசுங்கல், தலையைத் தாங்கும் கையில் மெல்லிய வளைவு, இதெல்லாம் வாரக்கணக்கில் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். ஏழு நாள், பத்து நாள் கெடு இதற்குப் போதாது.

இந்த வழியை முதலிலேயே அடித்துவிட்டேன்.

அதே கடையில், எக்ஸ்டர்னல் டிஸ்க்

மேஜையில் வைக்கும் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குள் இருப்பதும் அதே 3.5 அங்குல டிஸ்க்தான். ஆனால் இது தொழிற்சாலையிலேயே ஒற்றையாக விற்க என்று கட்டப்பட்டது. அச்சு அட்டையோ பிளாஸ்டிக் தாங்கியோ டிஸ்க்கைப் பெட்டியின் சுவரிலிருந்து தள்ளி நடுவில் நிறுத்தியிருக்கும். கிடங்கில் கட்டுகிறவர் அதை வெறும் கவரில் போட்டாலும் உள்ளே ஒரு காவல் இருக்கிறது. ஆன்லைனில் மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மானிட்டர், டிவி, பிரிண்டர் வாங்குகிறவர்களுக்கும் இதே யுக்தி பொருந்தும். கம்பெனியின் சொந்த அட்டைப்பெட்டியில் இரண்டு முனையிலும் தெர்மோகோல் மூடியோடு வருகிற பொருளை, விழவைத்துச் சோதித்த பிறகே அந்தப் பெட்டியை முடிவு செய்திருப்பார்கள். பெட்டி பிரிக்கப்படாமல் வந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பிரித்துத் தனியாக விற்கிற பொருளில்தான் ஆபத்து அதிகம்.

எனக்கு இது ஏன் ஒத்துவரவில்லை என்றால், நான்கு டிஸ்க் ஒன்றாக ஓடும், நெட்வொர்க்கில் இணைக்கும் நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியில் மாட்ட வேண்டும். எக்ஸ்டர்னல் பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை எடுத்தால் வாரண்டித் தகராறு வரும். எந்த வகை டிஸ்க் உள்ளே இருக்கிறது என்று பெட்டியில் போடுவதில்லை; எழுதும் வேகம் இடையில் படுத்துவிடும் எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில பழைய மை புக் எக்ஸ்டர்னல் மாடல்களில் இணைப்புப் பலகையே தகவலை மறையாக்கம் செய்துவிடும், பலகை போனால் டிஸ்க்கை வெளியே எடுத்தும் படிக்க முடியாது. வீட்டுப் படங்களைச் சேர்த்துவைக்க ஒரு பெட்டி போதும் என்பவர்களுக்கு இவையெல்லாம் தடையே இல்லை.

கம்ப்யூட்டர் பாகங்கள் மட்டும் விற்கும் ஆன்லைன் கடைகள்

மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் நாள்தோறும் அனுப்புகிறவர்களுக்கு, எது உடையும் என்று தெரியும். இரண்டு கடைகளுக்கு போன் செய்தேன். கேட்டது ஒரே கேள்வி: “டிஸ்க்கை எதில் வைத்து அனுப்புவீர்கள்?” ஒருவர் “பபிள் ஷீட் சுத்தி, பத்திரமாத்தான் சார் அனுப்புவோம்” என்றார். எத்தனை சுற்று என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இன்னொருவர் தானாகவே சொன்னார்: “நுரை கட்டிங் வச்ச பெட்டி இருக்கு. கட்டினதும் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புறேன், பார்த்து ஓகே சொன்னா கூரியர்ல போடுறோம்.” விலை பெரிய கடையைவிட ஐந்நூறு ரூபாய் சொச்சம் கூட. தயங்காமல் கொடுக்கலாம்.

குறை என்னவென்றால், கெட்டுவிட்டால் இவர்களில் பலர் ‘கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்’ என்று கைகாட்டிவிடுவார்கள். வந்த முதல் நாளே ஓடாவிட்டால் யார் மாற்றித் தருவது என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இதை நான் இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறேன்.

ரிச்சி தெரு

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கடைகள் பின்னிக்கொண்டு போகும். கையில் வாங்கி, சீல் பார்த்து, சீரியல் எண்ணை அங்கேயே கம்பெனி இணையதளத்தில் தட்டி, வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பார்த்துவிடலாம். இந்தச் சோதனை முக்கியம். வேறு நாட்டுக்கென்று அனுப்பிய டிஸ்க்கும் சுற்றி இங்கே வரும், விலை குறைவாக இருக்கும், வாரண்டி கிடையாது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பழைய சீகேட் டிஸ்க்குகளைப் புதிதென்று விற்ற விவகாரம் வெளியே வந்தது. ஓடிய மணிக்கணக்கை அழித்துவிட்டிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவில் பழைய கணக்கு அழியாமல் இருந்ததால்தான் பிடிபட்டது. சீகேட் டிஸ்க்கை எங்கே வாங்கினாலும் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பார்சல் ஆபத்து இந்த வழியில் அறவே இல்லை என்று முதலில் நினைத்தேன். நிதானமாக யோசித்தால் அப்படி இல்லை. இருபது டிஸ்க் கொண்ட பெட்டியிலிருந்து வெளியே வந்த டிஸ்க்குகளைக் கண்ணாடி மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். இரண்டு டிஸ்க் இரும்போடு இரும்பாக ‘டக்’ என்று இடித்தால் அங்கே அமுங்குவதற்கு எதுவுமே இல்லை, ஜி எகிறிவிடும். ஆகவே பெட்டியைப் பிரித்து நம் கண்முன்னே எடுத்துத் தரும் கடையாகப் பார்க்க வேண்டும். கடையில் கொடுப்பது மெல்லிய பாலிதீன் பை. கட்ட வேண்டியதை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் ஒரு தடவை போய்வந்த முறை இது: உழவன் எக்ஸ்பிரஸில் போய், மதியம் கடை, இரவு அதே ரயிலில் திரும்புவது. ஆன்டிஸ்டாட்டிக் உறையைப் பிரிக்காமல், தேங்காய்ப்பூத் துண்டை நாலு மடிப்பாகச் சுற்றி, தோள்பையின் நடுவில் வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். பெர்த்துக்கு அடியில் வைத்தால் யாராவது பெட்டியை இழுக்கும்போது காலால் தள்ளிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே மாட்டாமல் இரண்டு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்டேன். அந்த டிஸ்க் இன்றுவரை ஓடுகிறது.

ஆனால் இதற்கு ஒரு பகலும் இரண்டு இரவும் போகிறது. ரயில் கட்டணம், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்தால் ஒரு டிஸ்க்குக்குக் கட்டுப்படியாகாது. நாலைந்து வாங்கினால் சரி. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் வழி, யோசிக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

எஸ்எஸ்டி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தம்பி கேட்டான். உண்மைதான், நகரும் பாகம் எதுவும் இல்லை, 1,500 ஜி வரை தாங்கும் என்று விவரத்தாளில் போடுகிறார்கள். எடிட்டிங்குக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் சேமிப்புக்கு ஒரு டிபி கணக்கில் பல மடங்கு விலை ஆகிறது. அதோடு மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல. பயண டிஸ்க்குக்கு எஸ்எஸ்டி, கிடங்குக்கு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான்.

ஊர்க் கடை

எங்கள் ஊரில் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கடைசியாகத்தான் போனேன். முதலிலேயே போயிருக்கலாம். விலை கூட இருக்கும் என்ற எண்ணம்தான் தடுத்தது. கூடத்தான் இருந்தது, ஒரு டிஸ்க்குக்கு 1,200 ரூபாய்.

“அண்ணே, சென்னையிலேர்ந்து உங்களுக்கு எப்படி வருது?” என்று கேட்டேன்.

“ஒண்ணு ரெண்டுன்னா டிஸ்ட்ரிபியூட்டர் பபிள் சுத்தி பார்சல் சர்வீஸ்ல போட்டுவிடுவான். அது உங்களுக்கு ஆன்லைன்ல வர்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது தம்பி, உண்மையச் சொல்லிடுறேன். இருபது எடுத்தா கம்பெனி பெட்டி பிரிக்காம வரும்.”

அவர் அப்படி நேராகச் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. இருபது டிஸ்க் நான் வாங்க முடியாது. ஆனால் ஆடியில் எல்லா ஸ்டுடியோக்காரர்களும் சும்மாதானே இருக்கிறார்கள். தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி நண்பர்களுக்கு போன் போட்டேன். ஒருவருக்கு மூன்று, ஒருவருக்கு நான்கு, ஒரு கல்லூரிக்கு நான்கு. இப்படி எல்லோருடையதும் என் இரண்டும் சேர்ந்து பதினாறு ஆனது. மீதி நாலைத் தன் கையிருப்பாக அண்ணன் எடுத்துக்கொண்டார். மொத்தமாக எடுத்ததால் 1,200 ரூபாய் வித்தியாசம் 700 ஆகக் குறைந்தது. பெட்டியைக் கடையில் எல்லோர் முன்னாலும் பிரித்தார். நுரைப் பள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நேராக அவரவர் பைக்குப் போனது. அந்த 700 ரூபாயில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: ஒரு மாதத்துக்குள் கோளாறு வந்தால் தானே மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இது எல்லோருக்கும் வாய்க்காது என்று தெரியும். தனி ஆளாக ஒன்று மட்டும் வேண்டும் என்றால் என் வரிசை இப்படி: சென்னைக்குப் பக்கத்தில் இருந்தால் ரிச்சி தெரு, தூரத்தில் இருந்தால் பெட்டியின் போட்டோ அனுப்புகிற பாகங்கள் கடை, நாஸ் தேவையில்லை என்றால் பெரிய ஆன்லைன் கடையில் எக்ஸ்டர்னல் டிஸ்க். ஊர்க் கடைக்காரர் ஒன்றைத் தனியாக வரவழைத்தால், டிஸ்ட்ரிபியூட்டரிடம் நுரை வைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரிய கடையில் தனி டிஸ்க், ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டவர்களுக்கு

பெட்டி வந்ததும் பிரிக்கும் முன் போனில் வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டுநாடா, ஆறு பக்கமும் தெரிய வேண்டும். ஒருமுறை மெதுவாகச் சாய்த்து உள்ளே நகருகிறதா என்று பாருங்கள், அந்தச் சத்தமும் பதிவாகட்டும். நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பிரித்து, சீரியல் எண் வரை காட்டுங்கள். டிஸ்க் தளர்வாகக் கிடந்தால் மாட்டிப் பார்க்காமலேயே திருப்புங்கள். ‘ஓடுகிறதே’ என்று நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால், எந்த வேலையையும் அதில் போடும் முன் சோதனை. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்தால், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியல் வரும். அதில் 5, 197, 198 என்ற மூன்று எண்களுக்கு நேரே மூல மதிப்பு (Raw Values) பூஜ்யமாக இருக்க வேண்டும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள், 197 சந்தேகத்தில் இருப்பவை, 198 படிக்கவே முடியாதவை. பட்டியலில் 05, சி5, சி6 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அதே எண்கள்தான். அப்புறம் டிஸ்க் முழுக்க ஒருமுறை எழுதி, திரும்பப் படித்து, நீண்ட சுயசோதனையை ஓடவிடுங்கள். 8 டிபிக்கு எல்லாம் சேர்த்து இரண்டு நாள் ஆகும். பிறகு அதே மூன்று எண்களை மறுபடி பாருங்கள். ஒன்று ஏறியிருந்தாலும் கெடுவுக்குள் திருப்பிவிடுங்கள். கெடு ஏழு நாள் என்றால் வந்த அன்றே தொடங்க வேண்டும், வார இறுதிக்குத் தள்ளக் கூடாது.

திருப்பி எடுக்க மறுத்தால் சும்மா விட வேண்டாம். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது. கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடையின் தலைமையகம் எந்த ஊர் என்று தேடிப் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகாரில் ‘டிஸ்க் கெட்டுவிட்டது’ என்று மட்டும் எழுதாமல், எதில் கட்டி வந்தது, சுற்றிலும் எத்தனை செ.மீ. நுரை இருந்தது என்று படத்தோடு எழுதுங்கள். கட்டிய விதத்தைப் பற்றிப் புகார் வராதவரை கிடங்கில் எதுவும் மாறாது.

என் இரண்டு டிஸ்க்கில் முதலாவதன் சோதனை செவ்வாய்க்கிழமை முடிந்தது, இரண்டாவது நேற்று இரவு. மூன்று எண்களும் இரண்டிலும் பூஜ்யம். ஃபார்ம் பதிவிலும் ஓடிய நேரம் என் சோதனை மணிக்கணக்கோடு ஒத்துப்போகிறது. இன்று காலையிலிருந்து பழைய கல்யாணங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொரு நகல். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.